ஞாயிற்றுக்கிழமைப் பட்டினி

கல்லீரல் செல்லைப் பட்டினி போட்டால் அது தன்னிடம் இருக்கும் கொழுப்பை எப்படிச் செலவு செய்கிறது என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஐந்து வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் யாராவது "என்ன வேலைம்மா பாக்கறே?" என்று கேட்டு, அவளும் வெள்ளந்தியாக இதைச் சொல்லிவிட்டால், "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்ற கேள்வி தவறாமல் வரும். அது முடிந்த கையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குக்கூட கல்லீரல்ல கொழுப்பு இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. என்ன சாப்பிடலாம்?" என்ற கேள்வியும் வரும். அவள் கணவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆராய்ச்சிக்காரி. கோபமாக இருந்தால் ஆராய்ச்சிக்காரியம்மா.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சம்பளம் வந்ததும் மளிகை வாங்கி அடுக்கி வைக்கும் குடும்பம் போல, கல்லீரல் செல்லும் வசதியான நாளில் கொழுப்பைத் துளித் துளியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவழிக்கும். அந்தத் துளிகளைச் சுற்றிச் சில புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு நான்கு எழுத்தும் இரண்டு எண்ணும் கொண்ட ஒரு பெயர் உண்டு. அது என்ன வேலைக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கண்டுபிடித்தாள். அந்தப் புரதம் இருக்கும் செல்லைப் பட்டினி போட்டால் துளிகள் கரைந்து காணாமல் போயின. புரதத்தை நீக்கிவிட்ட செல்லைப் பட்டினி போட்டால் துளிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆகவே கொழுப்பு அறையைத் திறப்பது அந்தப் புரதம்தான். ஆய்வகத்தில் அதற்குச் சாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டு அதிகம் சந்தோஷப்பட்டவர் பேராசிரியர். ஆய்வகம் அவருடையது. அவளுடைய கட்டுரையில் ஆய்வகத் தலைவருக்கென்று ஒதுக்கும் கடைசிப் பெயர் அவருடையது. சாவியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவரும் அவர்தான். அடுத்த மாதம் நடக்கவிருந்த அவருடைய பெரிய சொற்பொழிவின் அழைப்பிதழில் தங்க நிறத்தில் ஒரு சாவியை அச்சடித்திருந்தார்கள். திரவத்தை உறிஞ்சி அளந்து ஊற்றும் பிப்பெட்டை அவர் தொடுவதை யாரும் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியாகத் தொட்ட நாளில் சோதனைக் குழாய்கள் அடுக்கிய ஒரு ரேக்கை முழுக்கக் கீழே போட்டு உடைத்தார் என்றும், அன்றிலிருந்து மாணவர்கள் எல்லாம் சேர்ந்து அவரை நயமாக அறைக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள் என்றும் கேள்வி. அறைக்குள் இருந்தபடி அவர் ஒழுக்கம் போதித்தார். ஆய்வகச் சுவரில் கொட்டை எழுத்தில் அவர் எழுதி மாட்டிய வாசகம் இருந்தது: எழுதாதது நடக்காதது. லேப் நோட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் அந்தப் பலகையைத்தான் விரலால் காட்டுவார்.

அவள் வேலை செய்யும் முறை இது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள். ஆறில் சாவி உள்ள செல்கள், ஆறில் சாவி நீக்கியவை. எது எது என்று அவளுக்கே தெரியக் கூடாது, தெரிந்தால் எண்ணும்போது மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் கூட வேலை பார்க்கும் ஒருவன் தட்டுகளின் மேல் வெறும் எண்களை ஒட்டி, எந்த எண்ணுக்கு எது என்ற பட்டியலை ஓர் உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவான். எண்ணி முடித்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்கூட யோசித்துப் பதில் சொல்கிற ஆள் என்பதால் அவனுக்கு ரகசியம் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை எல்லாத் தட்டுக்கும் கொழுப்பு கலந்த மீடியம் ஊற்றுவாள். மீடியம் என்றால் செல்களுக்கான சாப்பாட்டுத் தண்ணீர், பார்க்க ரோஸ் நிறத்தில் இருக்கும், புளித்தால் மஞ்சளாகும். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அதை எடுத்துவிட்டுச் சத்தே இல்லாத மீடியத்தை ஊற்றி, தட்டுகளை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்து மூடுவாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்து, சாயம் போட்டு, துளிகளை எண்ணுவாள். மொத்தம் நாற்பத்து நான்கு மணி நேரப் பட்டினி. நாற்பத்து நான்கு மணி நேரம் ஏன் என்பதற்குக் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி இருந்தது. கல்லீரல் செல்கள் பஞ்சத்துக்குப் பழகும் இரண்டாம் கட்டத்தை அந்த நேரத்தில்தான் எட்டுகின்றன என்று ஏழு மேற்கோள்களோடு எழுதியிருந்தாள். உண்மைக் காரணம், சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு ரயிலும் திங்கட்கிழமை விடிகாலை அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இன்னொரு ரயிலும்தான்.

அந்த ரயிலின் மறு கோடியில் கணவரும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். கணவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். இங்கே மாற்றல் கேட்கலாம், கிடைக்கவும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் சின்ன பதவிதான் கிடைக்கும். அவளுக்கோ வருடத்துக்கு வருடம் நீட்டிக்கும் தற்காலிக வேலை. அவளை நிரந்தரமாக்கிய மறுநாள் மாற்றல் மனுவைக் கொடுப்பதாக ஏற்பாடு. நிரந்தரமாக்க ஒரே ஒரு நிபந்தனை: சாவிக் கட்டுரை வருடக் கடைசிக்குள் நல்ல இதழ் ஒன்றில் வந்தாக வேண்டும். மகளை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதற்கான விண்ணப்பம் நிரப்பப்பட்டு அவள் கைப்பையில் இருந்தது. அதில் ஒட்டிய போட்டோவில் மகளுக்கு முன்பல் இரண்டும் இல்லை. அவை முளைத்து ஒரு வருடமாகிவிட்டது.

கட்டுரையை இதழுக்கு அனுப்பினார்கள். மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். இருவர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் மட்டும், "முடிவு சுவாரஸ்யமாக இருக்கிறது. புதிதாக மூன்று முறை செய்து காட்டினால் நம்புகிறேன்" என்று எழுதியிருந்தார். இரண்டு மாதத் தவணை.

"இது என்ன பிரமாதம்? நீ தூக்கத்துல செய்வியே" என்றார் பேராசிரியர்.

முதல் முறை செய்தாள். திங்கட்கிழமை இன்குபேட்டரைத் திறந்தால் ஆறு தட்டுகளில் மீடியம் மஞ்சளாகி, செல்கள் செத்து மேலே மிதந்தன. மிஞ்சிய செல்களில் மருந்துக்குக்கூட ஒரு துளி கொழுப்பு இல்லை. உறையைப் பிரித்துப் பார்த்தாள். ஆறும் சாவி நீக்கியவை. கொழுப்பு நிரம்பி இருந்திருக்க வேண்டியவை. மீடியத்தில் ஏதோ கோளாறு என்று தீர்மானித்து எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டாவது முறை மீடியம், தண்ணீர், புட்டி எல்லாம் புதிது. அதே கதை. மூன்றாவது முறை கையுறையைக்கூட வேறு பெட்டியிலிருந்து எடுத்தாள். அதே ஆறு பிணங்கள். இரண்டு வருடம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த செல்கள் இப்போது ஒரேயடியாகக் காலை வாரின.

"நோட்டைப் பாரு. முன்னாடி செஞ்சதுக்கும் இப்ப செஞ்சதுக்கும் வித்தியாசம் நோட்டுலதான் இருக்கும்" என்றார் பேராசிரியர், பலகையைக் காட்டி.

நோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் வரி விடாமல் எழுதுகிறவள். மூன்று வாரத்தில் அவளுக்கு இரண்டு கிலோ குறைந்தது. தொலைபேசியில் மகள், "அம்மா, உன் செல் எல்லாம் இன்னும் சாகுதா?" என்று தினம் விசாரித்தாள்.

கடைசியில் அவள் நோட்டை மூடிவிட்டு இன்குபேட்டரையே கேட்டாள். அந்தப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன் உள்வெப்பத்தைத் தானே பதிவு செய்துகொள்ளும். கதவைத் திறந்தால் வெப்பம் கொஞ்சம் இறங்கும். அந்தப் பதிவை இதுவரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு இறக்கம், அது அவள். திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஒரு இறக்கம், அதுவும் அவள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று. அது யார்?

இரண்டு வருடத்துப் பதிவையும் புரட்டினாள். முடிவு நன்றாக வந்த ஒவ்வொரு ஞாயிறும் யாரோ கதவைத் திறந்திருந்தார்கள். செல்கள் செத்த மூன்று ஞாயிறும் யாரும் திறக்கவில்லை. வந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது, வராவிட்டால் கெட்டுப்போகிறது. இப்படியும் ஒரு திருடன் உண்டா?

சந்தேகம் நேராக ரகசியத்தின் மேல் போய் உட்கார்ந்தது. நிரந்தர இடத்துக்கு வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்பவன் அவன்தான். எந்தத் தட்டு எது என்று தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். இரண்டு வருடம் அவள் முடிவைப் பொய்யாக ஜோடித்துக் கொடுத்துவிட்டு, சரியான நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டான் என்று அவள் கணக்குப் போட்டாள். யோசிக்க யோசிக்க அவனுடைய மௌனம்கூட அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிந்தது. இரண்டு நாள் அவன் வணக்கம் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் ரயில் ஏறவில்லை. தட்டுகளை வழக்கப்படி பட்டினி போட்டு உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் பேசினாள்.

"நாளைக்கு ஷூ வாங்கப் போலாம்னு சொன்னியே" என்றாள் மகள்.

"அப்பாவோட போயேன், செல்லம்."

"அப்பா எப்பவும்தான் இருக்காரு. ஞாயித்துக்கிழமைதானே உன்னோடது."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கணவர் போனை வாங்கி, "ஆராய்ச்சிக்காரியம்மா, திருடன் கிடைச்சா ரெண்டு போடு என் சார்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே ஆய்வகத்துக்கு வந்து, செல் வளர்க்கும் அறையை ஒட்டியிருந்த மைக்ராஸ்கோப் அறைக்குள் நுழைந்து கறுப்புத் திரைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. ஃப்ரீஸர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுவந்த பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் கேட்கும் என்று வாயில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். சரியாகப் பதினொன்று இருபதுக்கு வெளிக்கதவு திறந்தது. வந்தவர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பேராசிரியர்.

கோட்டைக் கழற்றி மாட்டினார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். ரொம்ப நேரம் கை கழுவினார். பிறகு இன்குபேட்டரைத் திறந்து அவளுடைய தட்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கே" என்று ஒரு தட்டிடம் சொல்லி இடது பக்கம் வைத்தார். அடுத்ததைத் தூக்கி, "அடடா, உன்னை இப்படி வாடப் போட்டுட்டுப் போயிட்டாளே" என்று வலது பக்கம் வைத்தார். இப்படிப் பன்னிரண்டையும் பிரித்தார். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறு. குளிர்பெட்டியிலிருந்து கொழுப்பு கலந்த சத்து மீடியம் புட்டியை எடுத்து இதமாகச் சூடு பண்ண வைத்தார்.

அவள் அப்போதே கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் பிப்பெட்டைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இந்த மனிதரையா ரேக்கைப் போட்டு உடைத்தவர் என்று ஓரம் கட்டினார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் தட்டின் மூடியை அவர் தூக்கியபோதுதான் சுயநினைவு வந்து, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார்!"

பேராசிரியர் பிப்பெட்டைக் கீழே போடவில்லை. மூடியை மட்டும் மெதுவாகத் திரும்ப வைத்தார். சர்க்கரை டப்பாவில் கையை விட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"நீ ஊருக்குப் போகலையா?"

"நீங்க என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பாவம், பட்டினியா கிடக்கேன்னு..."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும் இல்ல. என் மச்சினன் வர்ற வாரம் மட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம பத்தரைக்கு வந்துடுவான். மூணு மணி வரைக்கும் அவன் இடுப்பு வலியைப் பத்தியே பேசுவான். எங்க போறதுன்னு சொல்லு. இங்க வந்தா நிம்மதி. சும்மா உக்காந்திருக்க முடியுமா? கை அரிக்குது. யாரும் இல்லாதப்பதானே நான் எதையாவது தொட முடியும்?"

"போன மூணு வாரமா வரலையே?"

"மச்சினன் ஊர்ல இல்ல. வீடே சொர்க்கமா இருந்துது. நேத்துதான் வந்து சேர்ந்தான்."

தன் இரண்டு வருட முடிவுகள் ஒருவருடைய இடுப்பு வலியின் மேல் நின்றுகொண்டிருந்தன என்பதை ஜீரணிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், இது பட்டினி சோதனை. பட்டினி போட்டுத்தான் பாக்கணும். பேப்பர்ல எழுதியிருக்கோம். நீங்களே நாலு ஊர்ல பேசியிருக்கீங்க."

"பட்டினி சோதனை தெரியும்மா. ஸ்லைடுல பதினொண்ணாவது படம்." தட்டுகளைப் பார்த்தார். "அது இதுதான்னு தெரியாது."

அவர் பொய் சொல்லவில்லை. தட்டுகளின் மேல் வெறும் எண்கள்தான் இருந்தன. வாடிப்போன செல்லைப் பார்த்தார், ஒரு பெண் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாடு வைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தார், ஊற்றினார். சொன்னால் அவள் சங்கடப்படுவாளே என்று சொல்லாமல் இருந்தார். அவ்வளவுதான். இவ்வளவு நல்ல மனதோடு ஓர் ஆராய்ச்சியை யாரும் கெடுத்திருக்க முடியாது.

"நல்லா இருக்கற தட்டுக்கு ஊத்த மாட்டீங்களா?"

"அதுக்கெதுக்கு? அதுதான் நல்லா இருக்கே."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வாடியதற்கு மட்டும் சோறு. திங்கட்கிழமை அவள் திறக்கும்போது அவை கொழுத்து, ரோஸ் மீடியத்தில் சந்தோஷமாக இருந்திருக்கின்றன. பட்டினியிலும் கொழுப்பைத் தொடவில்லை, அதனால் புளிப்பும் இல்லை என்று அந்த ரோஸ் நிறத்துக்கும் கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருக்கிறாள். மூன்றாம் மதிப்பீட்டாளர்கூட அந்தப் பத்தியைப் பாராட்டியிருந்தார்.

"அப்போ சாவி?" என்றார் பேராசிரியர். அவருக்கும் மெல்ல மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது.

"சாவி இல்ல சார்." அவள் வலது பக்கத்துத் தட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் மீடியம், தட்டைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்த செல்கள். மூன்று வாரமாகக் கோளாறு என்று சாக்கடையில் கொட்டியது இதைத்தான். "அந்தப் புரதம் இல்லேன்னா கதவு திறக்காம இல்ல. கதவு மூடாமப் போயிடுது. வெச்சிருந்த கொழுப்பெல்லாம் முதல் நாளே வெளிய கொட்டிப் புளிச்சுப் போகுது. மறுநாள் தின்ன ஒண்ணும் இல்லாம சாகுது."

"சாவி இல்லேன்னா பின்ன என்ன அது?"

"பூட்டு."

பேராசிரியர் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழைப்பிதழில் அச்சாகிவிட்ட தங்கச் சாவி அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவளுக்குக் கைப்பையில் இருந்த பள்ளி விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் பலகை இருந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"உங்களுக்கும் எனக்கும்."

"நான் எதையும் எழுதி வைக்கல. மூணு தடவை செஞ்சு காட்டச் சொல்லியிருக்கான். இல்லையா? தவணைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை நேராக்கினார். "மச்சினனும் வந்துட்டான். நான் வேணா... வர்ற ஞாயிறுகளுக்கும் வந்துடட்டுமா?"

விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவே கேட்டாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவள் ஆசைப்பட்டாள். முழுதாக ஒரு நிமிடம், சரி சார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள். ஒரு வார்த்தைதான். அவர் பாட்டுக்கு வருவார், ஊற்றுவார். அவள் பாட்டுக்கு ரயில் ஏறுவாள், எண்ணுவாள். கட்டுரை வரும், வேலை நிரந்தரமாகும், மகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். எண்ணியதில் ஓர் எண்கூடப் பொய்யாக இருக்காது. எழுதாதது எதுவும் நடந்திருக்காது.

அப்போது அவள் கண்ணில் அந்தத் தட்டுகள் பட்டன, இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறு. எண்ணைத் தவிர அவற்றின் மேல் ஒன்றும் இல்லை. இந்த மனிதர் எதையும் தெரிந்துகொள்ளாமல், கண்ணால் பார்த்தே பிரித்து வைத்திருக்கிறார். அவள் எழுந்து போய்த் தன் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க சார்."

"நானா?"

"நீங்க பாத்ததை நீங்கதான் எழுதணும். நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

பேராசிரியர் பேனாவை வாங்கி ரொம்ப நேரம் வெறும் தாளைப் பார்த்தார். பிறகு தேதி போட்டார். நேரம் போட்டார். 'எண் 2, 3, 7, 8, 11, 12 வாடியுள்ளன' என்று எழுதினார். நிறுத்தினார். அவள் நகரவில்லை என்று கண்டதும் அடுத்த வரியையும் எழுதினார்: 'இதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக இப்படி வாடியவற்றுக்கு நான் சத்து மீடியம் ஊற்றி வந்திருக்கிறேன்.' கையெழுத்தும் போட்டார்.

அவள் இழுப்பறையிலிருந்து ரகசியத்தின் உறையை எடுத்து, எண்ணி முடிக்காமலே, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகக் கிழித்தாள். பட்டியலை நோட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை சரி?" என்று கேட்டார் பேராசிரியர், மார்க் கேட்கிற மாணவனின் குரலில்.

"ஆறும் சார். ஒண்ணுகூடத் தப்பல."

"பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அவள் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. தன் சொற்பொழிவைத் தானே கவிழ்த்துக்கொண்டோம் என்பதுகூட அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோயிருந்தது. "கண்ணுக்குத் தெரியுதும்மா! நீங்கள்லாம் சாயம் போட்டு எண்ணிட்டு இருக்கீங்க. செல்லைப் பாருங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் பதறிப்போய்க் கைதுடைக்கும் காகிதத்தை ஒரு கத்தை உருவிக் கொடுத்தார்.

வெளியே வரும்போது வாசல் காவலாளியிடம் கேட்டாள்.

"சார் ஞாயித்துக்கிழமை வருவாரே, ஊருக்கே தெரியுமே" என்றார் அவர். "நீங்க கேக்கவே இல்லையேம்மா."

மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கு ஒரு தடவை தட்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும், ஆகவே ஊருக்கும் வர முடியாது, நிரந்தரம் என்பது குறைந்தது ஒரு வருடம் தள்ளிப்போகும். சொல்லி முடித்து, திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"செல்லு ஒரு நாள் பட்டினி கிடந்ததுக்கே உங்க சாருக்கு மனசு கேக்கல" என்றார் கணவர். "நாங்க வாரத்துல ஆறு நாள் கிடக்கறோம். அஞ்சு வருஷமாச்சு. ஒருத்தருக்கும் தோணல, எனக்கும் தோணல பாரு." மூக்கை உறிஞ்சினார். "சின்ன பதவின்னா சின்ன பதவி. நாளைக்கு மனு கொடுத்துடறேன். அந்த விண்ணப்பத்துல போட்டோவை மாத்து. அவளுக்குப் பல்லு முளைச்சாச்சு."

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. பேராசிரியர் சொற்பொழிவைத் தங்கச் சாவி அழைப்பிதழோடேயே நிகழ்த்தினார். நடுவில், 'முந்தைய முடிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது தெரியவந்துள்ளது' என்றார். பிழை யாரால் நேர்ந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. அந்த வருடத்து நிரந்தர இடம் ரகசியத்துக்குப் போனது. அவன் அதையும் யாரிடமும் சொல்லவில்லை, அவள் போய் மன்னிப்புக் கேட்டபோது எதற்கு என்றும் கேட்கவில்லை. மாற்றலாகி வந்த கணவர் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறார், அதைப் பற்றித் தினமும் புலம்புகிறார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வக வராந்தாவில் புது ஷூவோடு ஓடுகிறாள். ஆராய்ச்சிக்காரியை நிரந்தரமாக்கும் கோப்பு மட்டும் இருந்த மேஜையிலேயே இருக்கிறது.

பூட்டுக் கட்டுரை ஒன்றரை வருடம் கழித்துத் தயாரானது. எல்லாக் கட்டுரையின் கடைசியிலும் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பகுதி எழுத வேண்டும். பேராசிரியர் பெயருக்கு நேரே இருபது வருடமாக ஒரே வார்த்தைதான் இருந்துவந்தது: வழிகாட்டினார். அவள் வழக்கப்படி அதை எழுதி, பக்கத்தில், 'ஞாயிற்றுக்கிழமைகளில் செல்களைக் கவனித்து, வாடியவற்றை அடையாளம் கண்டார்' என்றும் சேர்த்து, பார்வைக்கு அவர் மேஜையில் வைத்தாள்.

மாலையில் தாள் திரும்பி வந்தது. சேர்த்த வரி அப்படியே இருந்தது. 'வழிகாட்டினார்' என்பதை அவர் பேனாவால் அடித்திருந்தார். ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: நடக்காததை எழுதாதே.